வண்டி யார் பெயரில் ஓடுகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு லீவு. செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் பார்க்கப் போகிறவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு ஞாயிறுதான். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் செல்ஃப் போட்டுப் பார்ப்பார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார், புகையைப் பார்த்துவிட்டு 'இன்ஜின் பரவாயில்லை' என்பார். விலை பேசிப் பணத்தை எண்ணிக் கொடுத்து, ஆர்.சி. புக்கையும் கையெழுத்துப் போட்ட 29, 30 ஃபாரங்களையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது. அந்த ஃபாரங்களில் வாங்குபவர் பெயர் எழுதும் இடம் பல நேரம் காலியாகவே இருக்கும். 'பேர் மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்' என்ற அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். முதன்முதலாக வண்டி ஓட்டப்போகிறவர் பழைய ஸ்கூட்டர் வாங்குவது சரியான முடிவு. ஆனால் பெயர் மாறாத வண்டி, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்கிய வண்டி ஆகாது.

முதலில் பழைய வண்டியின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். புது ஸ்கூட்டர் ஒன்று ரோட்டுக்கு வர ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் ஆகிவிடுகிறது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரை விலையுள்ள இருசக்கர வண்டிக்கு லைஃப் டாக்ஸ் 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். பழைய வண்டிக்கு அந்த வரியை முதல் உரிமையாளரே கட்டி முடித்திருப்பார். தமிழ்நாட்டுக்குள் கைமாறும்போது அது வண்டியோடு வந்துவிடுகிறது. 'ஃபைனான்ஸ் போட்டுப் புதுசாகவே எடுத்துவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தலாம். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கும், செக்கிங்கிலும் கைமடியிலும் நிற்கிறவருக்கும் ஆர்டர் இருந்தால்தான் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் மந்தமானால் வாரத்தில் மூன்று, நான்கு நாள் வேலைதான். டியூ தேதி அதற்காகத் தள்ளிப்போகாது. இரண்டு டியூ தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த ஊரில் சல்லிசாகக் கிடைக்கும் 'சீசிங் வண்டி' பலவற்றின் கதை அப்படித் தொடங்கியதுதான். அதோடு, ஓட்டப் பழகுகிற முதல் வருஷத்தில் வண்டி நாலு முறை சாயும், கண்ணாடி உடையும், பக்கவாட்டில் கோடு விழும். அந்தக் கோடு பழைய வண்டியில் விழுந்துவிட்டுப் போகட்டும்.

பெண்களுக்குத்தான் இலவச பஸ் இருக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. 2021 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் பெண் தொழிலாளர்களின் கையில் மிச்சப்படுத்திக் கொடுத்த பணம் பெரிது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சாதாரணக் கட்டண டவுன் பஸ் போகும் தடத்துக்கும் நேரத்துக்கும் உட்பட்டதுதான் அந்த வசதி. இரவு எட்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து, மங்கலம் ரோட்டிலோ ஊத்துக்குளி ரோட்டிலோ இறங்கி, அங்கிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டிய பெண்ணுக்கு ஸ்கூட்டர் ஆடம்பரம் இல்லை. இதை அரசே ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அதை மானியமாகக் கொடுத்தது. புது வண்டிக்கு மட்டுமே கொடுத்தது. பின்னால் அந்தத் திட்டமே இல்லாமல் போனது. இன்று அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியிருப்பது பழைய வண்டிச் சந்தைதான்.

அந்தச் சந்தையில் எந்த வருஷத்து வண்டி என்ற கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட முக்கியம். மீட்டரைத் திருத்த முடியும். தயாரிப்பு வருஷத்தைத் திருத்துவது கடினம். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி. வரை விற்பனைக்கு வரும் எல்லா இருசக்கர வண்டியிலும் இணைப்பு பிரேக் அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம். இணைப்பு பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது கையைப் பிடித்தாலே பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். புதிதாக ஓட்டுகிறவர் பயத்தில் ஒரு பிரேக்கை மட்டும் அழுத்திச் சறுக்கி விழுவது வழக்கமான விபத்து என்பதால், அந்தத் தேதிக்குப் பிந்தைய வண்டிக்கு நாலாயிரம், ஐயாயிரம் கூடக் கொடுக்கலாம். டயரையும் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஆறு, ஏழு வருஷ ரப்பர் இறுகிப்போய்விடும், மழையில் பிடிக்காது. இன்ஜினை ஆறிய நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சிரமப்பட்டுக் கிளம்பும் வண்டியின் குறை தெரியாது. சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நூறு கிலோவை ஒட்டிய எடையை சிக்னலில் தாங்கப்போவது அந்தக் கால்கள்தான். செக்கிங் டேபிளில் ஒரு தையல் விட்டுப்போனதையும், ஊசிமுனை அளவு ஓட்டையையும் கண்டுபிடித்து பீஸை ஒதுக்கிவைக்கிற ஊர் இது. அந்தக் கண்ணுக்கு இதெல்லாம் பெரிய வித்தை இல்லை.

இந்தக் குறைகள் எல்லாமே காசு கொடுத்தால் சரியாகிவிடுபவை. பெல்ட், ரோலர், பிரேக் ஷூ, கோன் செட், டயர் எல்லாவற்றையும் மாற்றினாலும் செலவு சில ஆயிரங்களில் நிற்கும். ஆர்.சி.யில் உள்ள பெயரின் குறை அப்படி நிற்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆவது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் சொன்ன பதில் இருக்கிறது. ஒரு கார் பலர் கைக்கு மாறியும் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-இல் அது விபத்தில் சிக்கியது. கடைசியாக வண்டியை வைத்திருந்தவர்தான் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர்; நஷ்ட ஈடு கேட்டு வருபவர் யார் யாருக்கு விற்றார் என்று தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஸ்கூட்டரை விற்றுவிட்டு மறந்துபோன ஒருவருக்கு, யாரோ செய்த விபத்துக்கு லட்சக்கணக்கில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரலாம் என்பதுதான் இதன் பொருள்.

இது விற்பவரின் தலைவலி என்று வாங்குபவர் நினைக்கக் கூடாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. ஓட்டுகிற உரிமையாளருக்கென்றே கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று இருக்கிறது. இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சமாக இருந்த அதை 2018-இல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். அந்தத் தொகை குடும்பத்துக்குக் கிடைக்க மூன்று நிபந்தனைகள்: இறந்தவர் பெயரில் ஆர்.சி. இருக்க வேண்டும், பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கவருக்குள் காலியாகக் கிடக்கும் ஃபாரத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தவர் பெருமாநல்லூர் ரோட்டில் விழுந்து உயிர்விட்டால், சொந்தக் காசில் வாங்கிய வண்டிக்கு அவர் உரிமையாளரே இல்லை. 'வண்டி கைமாறினால் இன்சூரன்ஸும் தானாக மாறிவிடும் என்று சட்டமே சொல்கிறதே' என்பார்கள். 157-ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு அடிபட்ட எதிராளிக்கானது. ஓட்டியவருக்கோ வண்டிக்கோ அது பேசாது.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் விற்ற புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. ஐந்து வருஷம் யாரும் அதை நினைக்க வேண்டியிருக்கவில்லை. இணைப்பு பிரேக்குக்காக 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிக்குக் கூடக் கொடுக்கலாம் என்று மேலே சொன்னேனே, அவற்றில் 2019, 2020 வண்டிகளுக்கு ஐந்தாண்டு முடிந்திருக்கிறது. 'இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு' என்று விற்பவர் மனசாரச் சொன்னாலும் அது செத்துப்போயிருக்கலாம். எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் தேதியும், வண்டி ஃபைனான்ஸில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். 110 சி.சி. ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022-இல் நிர்ணயித்தபடி வரி நீங்கலாக 714 ரூபாய். இந்தத் தொகைக்காக ஒரு குடும்பத்தைப் பணயம் வைக்கலாமா?

தெரிந்தவரிடம் வாங்குகிறோம், அவர் ஏமாற்ற மாட்டார் என்பதுதான் நான் அதிகம் மதிக்கும் ஆட்சேபம். பக்கத்து மெஷினில் தைப்பவர், வீட்டு ஓனரின் மகன், ஒரே லைன் வீட்டில் குடியிருப்பவர் என்றுதான் பெரும்பாலும் வண்டி கைமாறுகிறது. அவர்கள் நல்லவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வேலை தேடி வந்தவர்களின் ஊர் இது. மதுரைப் பக்கமோ ஒடிசாவுக்கோ அவர் திரும்பிப் போன பிறகு, பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. போகும் செல் எண்ணும் மாறிய பிறகு, நல்லவராக இருந்தும் அவரால் உதவ முடியாது. கன்சல்டிங் கடையில் வாங்கினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பதிலும் பாதி உண்மைதான். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரிக்குப் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் வேண்டும். வண்டி தன்னிடம் வந்ததை ஆன்லைனில் தெரிவித்ததும் விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார், பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவும் அவரால் முடியும். அந்த அங்கீகாரச் சான்று கடையில் இருக்கிறதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் வண்டி வாங்காமல் வந்துவிடலாம்.

மிச்சமிருக்கும் ஆட்சேபம், போகிற ஒரு நாள் கூலி. பெயர் மாற்ற அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். அதற்காக லீவு போட்டால் போகிற சம்பளம் அதைவிட அதிகம், புரோக்கருக்குக் கொடுப்பது இன்னும் அதிகம். இது நியாயமான குறை. இதற்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. 2022 செப்டம்பரில் மத்திய அரசு ஆதார் வழியாக நேரில் வராமலே பெறலாம் என்று அறிவித்த 58 சேவைகளில் உரிமை மாற்றமும் ஒன்று. அதைத் தாமாகச் செய்துகொள்ள முடியாதவர்களுக்கு, திருப்பூர் வடக்கு, தெற்கு இரண்டு ஆர்.டி.ஓ. அலுவலகங்களும் மாதத்தில் ஒரு ஞாயிறு பெயர் மாற்றத்துக்கென்றே முகாம் போட்டால் போதும். ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் பல விஷயத்தில் எதிரெதிரே உட்காருகின்றன. இந்தக் கோரிக்கையை இரு தரப்பும் சேர்ந்தே கொண்டுபோகலாம். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு வண்டி எடுக்கிற அந்த வாரங்களில் முகாம் நடந்தால் இன்னும் நல்லது.

அது வரும்வரை வாங்குகிறவர் கையில் ஒரு வழி இருக்கிறது. வண்டியை எடுக்கும் நாளும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டு ஆளுக்கு ஒன்று. ஃபாரத்தில் வாங்குபவர் பெயரை அங்கேயே, விற்பவர் கண்ணெதிரே எழுதுவது. சேஸ் எண்ணின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப்பார்ப்பது. பேசிய விலையில் ஐயாயிரம் ரூபாயை நிறுத்திவைத்து, 'பேர் மாறி ஆர்.சி. வந்த அன்னிக்கு வாங்கிக்குங்க அண்ணா' என்று சொல்வது. விற்பவருக்கு அந்த ஐயாயிரம் வர வேண்டும். உச்ச நீதிமன்றம் சொன்ன அந்தப் பொறுப்பும் தலையைவிட்டு இறங்க வேண்டும். ஓ.டி.பி. கேட்டு போன் வரும்போது அவர் கட்டாயம் எடுப்பார்.