போன் வீடியோவை டிவியில பாக்க 24,000 ரூபாய் செலவு பண்ணணுமா?



போன பொங்கலுக்கு களமருதூர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்ல நடந்த தங்கச்சி வளைகாப்பு வீடியோ என் போன்ல இருந்தது. முட்டி வலியால அப்பா அந்த விசேஷத்துக்குப் போக முடியல. போனை வாங்கிக் கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பாத்தார். "எல்லாம் எறும்பு மாதிரி தெரியுதுப்பா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

மனசு கேக்கல. அன்னிக்கு ராத்திரியே 43 இன்ச் ஸ்மார்ட் டிவி ஒண்ணை ஆன்லைன் கார்ட்ல போட்டேன். 24,000 ரூபாய், 12 மாசம், நோ காஸ்ட் இஎம்ஐ. மாசம் 2,000 தானே! நம்மள மாதிரி சம்பளக்காரங்க மாட்டுறது இந்த "தானே"லதான்.

கணக்கைப் பாருங்க. நோ காஸ்ட் இஎம்ஐல பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்துச் சரிகட்டுவாங்க. ஆனா வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி பெரும்பாலும் நம்ம தலையிலதான். உதாரணத்துக்கு வட்டி 15%னு வெச்சா, 24,000 ரூபாய் டிவியில வட்டி சுமார் 1,840, அதுக்கு ஜிஎஸ்டி 330 ரூபாய். பிராசசிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. கூட்டினா 550 ரூபாய்க்கு மேல போகுது. இதை விடப் பெரிய விஷயம், ஒரு வருஷத்துக்கு மாசாமாசம் 2,000 ரூபாய் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே செலவாகிடுது. எமர்ஜென்சி ஃபண்ட் ஆரம்பிக்காதவங்களுக்கு இது சின்ன தொகை கிடையாது.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி, வீட்ல இருக்கிற 32 இன்ச் எல்இடி டிவியோட பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யூஎஸ்பி இருந்தது. வீடியோவை பென் டிரைவ்ல ஏத்திச் சொருகினேன். சத்தம் வந்தது, படம் வரல. புது போன்கள் இடம் மிச்சம் பண்ண எச்இவிசி முறையில பதிவு பண்ணும். பழைய டிவிக்கு அது புரியாது. இலவச ஆப்ல எச்.264க்கு மாத்தினேன், ஓடிடுச்சு. அப்பா ரெண்டு தடவை பாத்தார். செலவு சுத்தமா பூஜ்யம்.

அதனால என் கருத்து இதுதான்: எதை வாங்கலாம்னு தேடுறதுக்கு முன்னாடி, எதைப் பாக்கப் போறோம், யார் பாக்கப் போறாங்க, வீட்ல நெட் இருக்கா, இந்த மூணுக்கும் பதில் சொல்லுங்க.

வீட்டு விசேஷ வீடியோ மட்டும்தானா? பென் டிரைவ் போதும். சிக்னல் சரியா எட்டாத கல்வராயன் மலை ஊர்கள்லயும் இது வேலை செய்யும்.

போன்ல ஓடுறது அப்படியே டிவியில தெரியணுமா? டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனா பட்ஜெட் போன்கள் பலதுல டைப்-சி போர்ட் சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். போன் விவரத்துல டிஸ்பிளே போர்ட்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. ஐபோன் 15ல இருந்து அந்த வசதி இருக்கு. கேபிள் இல்லாம ஸ்க்ரீன் மிரரிங்கும் பண்ணலாம். ஆனா பேட்டரி வேகமா இறங்கும், சில ஓடிடி ஆப்கள் கறுப்புத் திரைதான் காட்டும்.

தினமும் யூடியூப், ஓடிடி பாக்கணுமா? காஸ்டிங் வசதி இருக்கிற ஸ்டிக் வாங்கலாம். இதுல போன் வெறும் ரிமோட் மாதிரி. வீடியோவை ஸ்டிக்கே நேரா நெட்ல இருந்து எடுத்துக்கும்.

இங்கதான் மறைமுகச் செலவு. நெட்ஃபிளிக்ஸ் சொல்ற கணக்குப்படி, எச்டி தரத்துல ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் போகும். தினம் 2 ஜிபி ரீசார்ஜ் போட்டு ஹாட்ஸ்பாட்ல ஓட்டினா, இடைவேளைக்கு முன்னாடியே படம் நின்னுடும். வீட்ல பிராட்பேண்ட் இல்லன்னா, ஸ்டிக்கோட நிஜ விலையில மாசாமாசம் கட்டுற நெட் பில்லையும் சேத்துக்கோங்க. நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளான் வெச்சிருக்கவங்க கவனிங்க, அது டிவியில ஓடாது.

பழைய மார்க்கெட்ல குரோம்காஸ்ட் மலிவா வருதேன்னு உடனே கை வைக்காதீங்க. கூகுள் 2024 ஆகஸ்ட்லயே அதோட தயாரிப்பை நிறுத்துறதா சொல்லிடுச்சு. 2025 மார்ச்ல, ஒரு சான்றிதழ் காலாவதியானதால ரெண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் திடீர்னு வேலை செய்யாம போச்சு. சில நாள் கழிச்சுத்தான் சரி பண்ணாங்க. மென்பொருளை நம்பி இருக்கிற பொருளுக்கு ஆயுள் நம்ம கையில இல்ல.

யார் பாக்கப் போறாங்கங்கறதும் முக்கியம். பொங்கல் லீவு முடிஞ்சா நாம சென்னைக்குக் கிளம்பிடுவோம், நம்ம போனும் கூடவே வந்துடும். அம்மாவுக்கு காஸ்ட் பட்டன் எங்க இருக்குன்னு தினமும் போன்ல சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. அதனால ஊர்ல வைஃபை இருந்தா ரிமோட்டோட வர்ற ஸ்டிக்கே நல்லது.

அப்போ புது டிவியே வேண்டாமா? அப்படிச் சொல்லல. 2006ல் இருந்து அரசு இலவசமா கொடுத்த கலர் டிவி இன்னும் ஓடுற வீடுகள் இருக்கு. அதுல எச்டிஎம்ஐ கிடையாது. அதுக்குக் கன்வெர்ட்டர் வாங்கிப் பணத்தைப் போடுறதை விட, காசு சேத்து ஒரு 32 இன்ச் டிவி வாங்குறது நியாயம். ஆனா சேத்து வாங்குங்க, கடனுக்கு வேண்டாம்.

நான் அந்த 2,000 ரூபாயை ஆர்டி ஒண்ணுல போட ஆரம்பிச்சிருக்கேன். தங்கச்சிக்குக் குழந்தை பொறக்கப் போகுது. மாமன் சீர் செய்யணும், அதுக்கு இஎம்ஐ போட முடியாது பாருங்க!