சட்டம் படுக்கையருகே வரட்டும்

2025 ஜூலை 14 அன்று ஜலந்தர் அருகே தன் சொந்த ஊரான பியாஸ் பிண்டில் நெடுஞ்சாலையைக் கடந்துகொண்டிருந்த ஃபௌஜா சிங் மீது ஒரு கார் மோதியது. 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தானை ஓடியவர். 100 வயதில் டொரன்டோவில் மாரத்தானை முடித்துக் காட்டியவர். விபத்தின்போது அவருக்கு வயது 114. கார் நிற்கவில்லை. அன்று மாலையே அவர் உயிர் பிரிந்தது. சிதறிய முகப்பு விளக்கின் துண்டுகளும் கேமரா பதிவுகளும் துப்புக் கொடுக்க, ஓரிரு நாளிலேயே காரையும் ஓட்டியவரையும் பஞ்சாப் போலீஸ் பிடித்துவிட்டது.

பெயர் தெரியாத ஓட்டக்காரருக்கு இந்த வேகம் கிடைப்பதில்லை. நம் மாவட்டங்களில் விடியற்காலை புறவழிச்சாலைகளில் ஓடுகிறவர்களைப் பாருங்கள். நகரத்து ஓட்டக் குழுக்கள் ஒரு பங்குதான். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடித்தாக வேண்டிய இளைஞர்கள் மறுபங்கு. ஊரில் மைதானம் கிடையாது, இருந்தால் பூட்டிக் கிடக்கிறது. தார்ச்சாலையின் வெள்ளைக்கோடுதான் அவர்களுக்குத் தடம். பின்னாலிருந்து கார் தூக்கி எறிந்தால் ஒரு ஷூ காலில் இருக்கும், இன்னொன்று பத்தடி தள்ளிப் புழுதியில் கிடக்கும். எஃப்.ஐ.ஆரில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று மூன்று வார்த்தை ஏறும். பல வழக்குகள் அதோடு நின்றுவிடுகின்றன.

வண்டி தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். வட்டாட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனுக் கொடுத்தால் போதும், ஆட்சியர் அளவில் முடிவாகிவிடும். எத்தனை பேர் கேட்கிறார்கள்? 2022இல் நாட்டில் இடித்துவிட்டு நிற்காமல் போன விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205. தீர்வு கண்டவை 95. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டிய எண்ணிக்கை இது. ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இழப்பீடு கேட்கலாம் என்பதைப் போலீஸ் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அந்த அமர்வு உத்தரவிட்டது. தொகையைப் படிப்படியாக உயர்த்துவது பற்றியும் மத்திய அரசை யோசிக்கச் சொன்னது. முறிந்த தொடை எலும்புக்குள் கம்பி வைத்து, மாதக்கணக்கில் பிசியோதெரபி பார்க்கும் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் எந்த மூலைக்கு?

வண்டி அகப்பட்டால் வேறு போராட்டம். கறுப்புச் சட்டை போட்டிருந்தார், காதில் இயர்போன் இருந்தது, சாலையில் ஓடியதே தப்பு என்று காப்பீட்டு நிறுவனத் தரப்பு வாதாடும். ‘அவர் பங்குக்கும் கவனக்குறைவு’ என்று தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கப் பார்க்கும். நடைபாதை இருந்தால் அவர் ஏன் சாலையில் ஓடப்போகிறார்? பயன்படுத்தத் தக்க நடைபாதை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை எடுத்துச் சொல்லத் தெரிந்த வழக்கறிஞர் இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனத்தின் வாதம் எடுபட்டுவிடும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஊனச் சான்றிதழில் நடக்கிறது. மருத்துவக் குழு 15 சதவீதம் என்று எழுதினால், வருமான இழப்பும் 15 சதவீதம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உடல் ஊனம் வேறு, அதனால் பிழைப்பு எவ்வளவு போனது என்பது வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உடற்தகுதித் தேர்வுக்குப் பயிற்சி எடுத்தவரின் கணுக்கால் மடங்காமல் போனால், மேசை வேலைக்காரருக்கு அது 15 சதவீதம்; இந்தப் பையனுக்கு அவன் குறிவைத்திருந்த வேலையே போயிற்று. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இதை நிரூபிக்கப் பயிற்சிக்குப் போன சான்று, விண்ணப்ப நகல், உடன் ஓடியவர்களின் சாட்சியம் எல்லாம் வேண்டும். கட்டிலில் கிடப்பவர் இவற்றை எப்படித் திரட்டுவார்?

அந்த நேரத்தில் அவரைத் தேடி வருபவர் புரோக்கர். வார்டு வாசலிலேயே வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசிவிடுகிறார். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவதை வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. ஆனால் நேர்மையான உதவி வாசல்வரை வராதவரை புரோக்கரை விரட்ட முடியாது.

மருத்துவம் வந்துவிட்டதே! தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு யாரும் பணம் கேட்பதில்லை. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டமும் 7 நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை தருகிறது. சட்ட உதவியும் அப்படியே வர வேண்டும் என்பது நம் கோரிக்கை. விபத்துச் சிகிச்சைப் பிரிவுள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர் தினமும் இருக்க வேண்டும். போலீஸ் 48 மணி நேரத்தில் தர வேண்டிய முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டிய விரிவான அறிக்கையையும் காலக்கெடு தவறாமல் அனுப்புகிறதா என்று அவர் பார்க்கட்டும். ஆறு மாதத்துக்குள் மனு என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு வரம்பை மத்திய அரசு நீக்க வேண்டும். அந்தக் காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னது இடைக்கால நிவாரணம்தான். எலும்பு கூடவே ஆறு மாதம் ஆகும் என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாதா?

ஓடுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அடிபட்டால் எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் வாங்கி வையுங்கள். கிழிந்த உடையையும் ஷூவையும் தூக்கி எறியாதீர்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. அழைக்க வேண்டிய கட்டணமில்லா எண் 15100.