கேபிளா, டிஷ்ஷா? முதல்ல பில்லைக் காட்டு மச்சி!



"கேபிளைக் கட் பண்ணிட்டு டிஷ் போட்டுடலாமா?"ன்னு வீட்ல அப்பா கேட்டா, "உங்க இஷ்டம்ப்பா"ன்னு சொல்லிட்டு மொபைலுக்குள்ள தலையை விட்டுக்கிற பார்ட்டியா நீங்க? இந்த வாரம் உங்களுக்குத்தான். நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்து, டிவி செலவை யார் கட்டுறதுன்னு அடிச்சுக்கிற கோஷ்டியும் பக்கத்துல வந்து உட்காருங்க.

"போன்லயே எல்லாம் வருதே, டிவி எதுக்கு பாஸ்?"ன்னு கடைசி பெஞ்ச்லேர்ந்து ஒரு குரல் கேட்குது. உங்களுக்கு வருது, சரி. ராத்திரி சீரியல் பார்க்கிற அம்மாவுக்கும், நியூஸை சத்தமா வெச்சுக் கேட்கிற தாத்தாவுக்கும்? அவங்க உலகம் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. அதுக்கு மாசா மாசம் காசு போகுது. எதுக்கு எவ்வளவு போகுதுன்னு வீட்ல யாருக்குமே தெரியாது. அதுதான் மேட்டரே!

ரெண்டும் வானத்துலேர்ந்துதான்!

கேபிள்னா ஒயர், டிடிஎச்னா சாட்டிலைட்னு நாம பிரிச்சுப் பேசுறோம். உண்மையில ரெண்டுமே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற சாட்டிலைட்டை நம்பித்தான் ஓடுது. டிடிஎச்ல உங்க மாடியில இருக்கிற சின்ன டிஷ்ஷே சிக்னலைப் பிடிக்குது. கேபிள்ல பெரிய டிஷ்களை வெச்சு கன்ட்ரோல் ரூம்ல பிடிச்சு, ஃபைபர்ல ஊருக்குள்ள கொண்டுவந்து, அங்கேயிருந்து ஒயர்ல வீட்டுக்குத் தர்றாங்க. அதனாலதான் மார்ச்லயும், செப்டம்பர் - அக்டோபர்லயும் சில நாள் பகல்ல சில நிமிஷம் படம் புள்ளி புள்ளியாகி நிக்குது. சூரியன் சரியா சாட்டிலைட்டுக்குப் பின்னாடி வந்து நிக்கிற நேரம் அது. அதுக்காக கேபிள்கார அண்ணனைத் திட்டாதீங்க. சூரியனுக்கு கஸ்டமர் கேர் கிடையாது!

குட்டி ஃபிளாஷ்பேக்

1991 வளைகுடாப் போரை டிவியில லைவ்வா பார்க்கணும்னு கிளம்பின ஆசைதான் நம்ம நாட்ல கேபிளை வளர்த்து விட்டுச்சு. 1993 ஏப்ரல் 14-ல சன் டிவி வந்தப்புறம் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் கறுப்பு ஒயர். அப்ப கணக்கு சிம்பிள். எல்லா சேனலும் வரும், ஒரே ரேட்டு. பிடிச்சது, பிடிக்காதது எல்லாத்துக்கும் சேர்த்துதான் காசு.

2003 செப்டம்பர் 1-ல சென்னையில செட்டாப் பாக்ஸ் திட்டம் வந்துச்சு. 'பே சேனல் வேணும்னா பாக்ஸ் வாங்கு'ன்னாங்க. அதே வருஷம் டிஷ் டிவி டிடிஎச்சை ஆரம்பிச்சுது. 2006-ல டாடா ஸ்கை (2022-லேர்ந்து இதுதான் டாடா ப்ளே), 2007 கடைசியில சன் டைரக்ட், 2008-ல ஏர்டெல்னு வரிசை கட்டி வந்தாங்க. 2011-ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு இறங்கி, போட்டியை இன்னொரு பக்கம் திருப்பிச்சு.

ரிங்குக்குள்ள ரெண்டு பேர்

மழை: கேபிளுக்கு ஒரு பாயின்ட். டிடிஎச் சிக்னலை மழைத்துளி உறிஞ்சிடும். வெளுத்து வாங்குற மழையில கிளைமாக்ஸ் பார்க்க முடியாது. ஆனா மழை விட்டதும் படம் தானா வந்துடும்.

புயல்: டிடிஎச்சுக்கு ஒரு பாயின்ட். 2016 டிசம்பர்ல வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டப்ப சாய்ஞ்ச மரங்களோட ஒயர்களும் அறுந்துச்சு. டிஷ் திரும்பிக்கிட்டா அதைச் சரி பண்ணினாப் போதும். அறுந்த ஒயருக்கு தெரு முழுக்க வேலை.

கரண்ட் கட்: இதுலயும் டிடிஎச்தான். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தாப் போதும். கேபிள்ல உங்க வீட்ல கரண்ட் இருந்தும், தெருமுனையில இருக்கிற ஆம்ப்ளிஃபையருக்கு இல்லைன்னா படம் அம்பேல்.

உள்ளூர்: கேபிளுக்கு ரெண்டு பாயின்ட் தரலாம். உங்க ஊர் தேரோட்டம், பக்கத்து ஸ்கூல் ஆண்டு விழா, புதுசா திறந்த ஜவுளிக்கடை விளம்பரம், இதெல்லாம் லோக்கல் சேனல்ல மட்டும்தான் வரும். எந்த டிஷ்லயும் வராது.

ரிப்பேர்: கேபிள்னா பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு அண்ணன் இருப்பார். டிடிஎச்னா 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்'. ஆனா அண்ணன் போன் எடுக்கலைன்னா உங்களுக்கு ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. டிஷ் மாட்ட மாடியில ஓட்டை போட வீட்டு ஓனர் சம்மதிக்கணும். திறந்த வானமும் தெரியணும். உதாரணத்துக்கு, டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கான சாட்டிலைட் சென்னையிலேர்ந்து பார்த்தா தென்கிழக்குல, நல்ல உயரத்துல இருக்கு. அந்தப் பக்கம் பக்கத்து அபார்ட்மென்ட் மறைச்சா கேபிளே கதி.

இப்ப பில்லைப் பிரிப்போம்

மேலே சொன்னதெல்லாம் வசதி. பர்ஸைக் கடிக்கிறது வேற இடத்துல இருக்கு. 2019 பிப்ரவரியில டிராயோட புது விதி நடைமுறைக்கு வந்தப்புறம், கேபிளோ டிஷ்ஷோ, பில்லுல மூணு பகுதி. ஒண்ணு நெட்வொர்க் கட்டணம், அதாவது லைன் வாடகை. ரெண்டு, நீங்க தேர்ந்தெடுக்கிற பே சேனல்களோட விலை. மூணு, 18 சதவீத ஜிஎஸ்டி.

2019 கணக்கையே போட்டுப் பார்ப்போம். நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், அதுக்கு 100 சேனல். சன் டிவி 19, விஜய் டிவி 17. கூட்டினா 166. ஜிஎஸ்டியோட 195 ரூபாய் 88 காசு. கலைஞர், புதிய தலைமுறை, தந்தி மாதிரி இலவச சேனல்களுக்குத் தனி விலை கிடையாது, அந்த 130-லயே அடக்கம். அம்மா பார்க்கிறது அந்த ரெண்டு பே சேனல்தான்னா கணக்கு அங்கேயே முடிஞ்சுது.

ஆனா பெரும்பாலான வீட்ல முடியலை. ஏன்னா சேனல் கம்பெனி நமக்கு சேனலை விக்கிறதில்லை, 'பேக்'கை விக்குது. உங்களுக்குப் பிடிச்ச ஒரு சேனலோட தனி விலையை ஏத்தி வெச்சுட்டு, கூட பத்து சேனலைச் சேர்த்து, 'பேக்கா வாங்கினா லாபம்'னு காட்டுவாங்க. ஒரு சட்டை வாங்கப் போய் மூணு சட்டை ஆஃபர்ல மாட்டிக்கிறோமே, அதே டெக்னிக். இதுக்குக் கடிவாளமாத்தான் 2022 நவம்பர்ல டிராய், 19 ரூபாய்க்கு மேல விலை வெச்ச சேனலை பேக்ல சேர்க்கக் கூடாது, தனித்தனி விலைகளோட கூட்டுத்தொகையில 45 சதவீதத்துக்கு மேல தள்ளுபடி தரக் கூடாதுன்னு சொல்லுச்சு.

அடுத்த ட்விஸ்ட் 2024 ஜூலைல. 130 ரூபாய் உச்சவரம்பையே எடுத்துட்டாங்க. நெட்வொர்க் கட்டணத்தை ஆபரேட்டரே வெச்சுக்கலாம், ஆனா அதை வெளிப்படையா அறிவிக்கணும். அதனால 'லைன் வாடகை 130-தான் சட்டம்'னு இன்னும் நம்பிக்கிட்டிருந்தா, தம்பி, தங்கச்சி, அது பழைய சிலபஸ்!

மாறாத ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு பே சேனலையும் தனியா வாங்குற உரிமை உங்களுக்கு இருக்கு. 'பேக் மட்டும்தான் இருக்கு'ன்னு யாராவது சொன்னா அது விதி இல்லை, வியாபாரம்.

பாக்ஸ்தான் பூட்டு

சிம் கார்டை நம்பர் மாறாம வேற கம்பெனிக்கு மாத்தலாம். இந்தியா முழுக்க 2011-லேர்ந்து இந்த வசதி இருக்கு. ஆனா ஒரு கம்பெனி செட்டாப் பாக்ஸ் இன்னொருத்தர் சிக்னலுக்கு வேலை செய்யாது. எந்த பாக்ஸும் எல்லா சர்வீஸுக்கும் பொருந்தணும்னு 2020 ஏப்ரல்ல டிராய் சிபாரிசு பண்ணுச்சு. நம்ம வீட்டுப் பரண்ல தூங்குற பழைய பாக்ஸைக் கேட்டா மீதிக் கதையைச் சொல்லும். அதனால ஆபரேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கிறவர்கிட்டயே பேக்கை மாத்திப் பாருங்க. பாதி நேரம் பிரச்னை கேபிளோ டிஷ்ஷோ இல்லை, பேக்தான்!

இந்த ஞாயித்துக்கிழமை ஹோம்வொர்க்

1. வீட்ல ஒவ்வொருத்தரும் ஒரு வாரத்துல நிஜமா பார்த்த சேனல்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க. எத்தனை தேறுதுன்னு எண்ணிப் பாருங்க.

2. அதுல எது இலவசம், எது பே சேனல்னு பிரிங்க. விலை ஆபரேட்டரோட வெப்சைட்லயோ ஆப்லயோ இருக்கும். கேபிள் அண்ணன்கிட்ட கேட்டாலும் சொல்லணும்.

3. தனித்தனி விலையைக் கூட்டி, பேக் விலையோட ஒப்பிடுங்க. பேக் மலிவா இருந்தா அதையே வெச்சுக்கோங்க, தப்பில்லை. கணக்குப் போட்டு வெச்சுக்கோங்க, அவ்வளவுதான்.

4. எச்டி சேனலும் சாதா சேனலும் ரெண்டும் சேர்ந்து ஓடுதான்னு பாருங்க. ஒரே சீரியலுக்கு ரெண்டு தடவை காசு கட்டாதீங்க.

5. செமஸ்டர் லீவுல ரூமைப் பூட்டிட்டு ஊருக்குப் போறீங்களா? கனெக்‌ஷனைத் தற்காலிகமா நிறுத்தி வைக்க முன்கூட்டியே சொல்லுங்க.

6. பே சேனலே வேணாம்னா டிடி ஃப்ரீ டிஷ் இருக்கு. டிஷ், பாக்ஸுக்கு ஒரு தடவைதான் செலவு, மாசக் கட்டணம் கிடையாது. ஆனா ஹிந்திதான் அதிகம், அம்மாவோட சீரியல் வராது. அவங்களைக் கேட்காம வாங்கிட்டு வந்தா ராத்திரி சாப்பாட்டுக்கு நான் பொறுப்பில்லை.

மாசம் 100 ரூபாய் மிச்சமானாலும் வருஷத்துக்கு 1,200. டிகிரி படிக்கிற பிள்ளை வீட்ல இருக்கும்போது அந்தக் காசு யாருமே பார்க்காத சேனலுக்குப் போகணுமா? பேப்பரும் பேனாவும் எடுங்க பாஸ். ரிமோட்டை மட்டும் அம்மாகிட்டயே குடுத்துடுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம், டாட்டா!