கேமராவுக்கு நிதி வருகிறது. விசாரிக்க அதிகாரி எங்கே?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி சேரப்பணஞ்சேரி, ஒரகடம் என்று போகிறவர்கள் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்தால் கண்காணிப்பு கேமராக்கள் கண்ணில் படும். தொழிற்சாலை வாசல், சாலைச் சந்திப்பு, கடைவீதி என இடம் பார்த்து வைத்திருப்பார்கள். அதே சாலையை விட்டு இறங்கி காலனித் தெருவுக்குள் போனால் எத்தனை இருக்கின்றன என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் காவல்துறை கேமரா பொருத்தியபோது வணிகர்களும் நிறுவனங்களும் குடியிருப்போர் சங்கங்களும் பணம் கொடுத்தார்கள். அந்த வழக்கம் புறநகருக்கும் பரவிவிட்டது. பணம் கொடுப்பவரின் வாசலைத்தான் கேமரா பார்க்கும். நிறுவனங்கள் தருவது ஒரு சி.எஸ்.ஆர். நிதி, புகார் கொடுக்கப் போகும் நம் மக்களுக்குக் காவல் நிலையத்தில் கிடைப்பது வேறொரு சி.எஸ்.ஆர்., அதாவது மனு ஏற்புச் சீட்டு.

அரசுப் பணமும் இதே பக்கம்தான் சாய்கிறது. காவல் படைகளை நவீனப்படுத்த 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.26,275 கோடி திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தது. கேட்கும்போது பெரிய தொகை. பிரித்துப் பார்த்தால் ரூ.18,839 கோடி ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு, மாவோயிஸ்ட் பகுதிகளின் பாதுகாப்புச் செலவுக்கு. எல்லா மாநிலக் காவல்துறைகளின் நவீனமயத்துக்கும் சேர்த்து ரூ.4,846 கோடி. தடய அறிவியலுக்கு ரூ.2,080 கோடி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நவீனமய நிதியில் வாகனம், ஆயுதம், தகவல் தொடர்பு, கணினி எல்லாம் வாங்கலாம். காவலருக்குச் சம்பளம் தர முடியாது. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் சம்பளம் மாநிலத்தின் பொறுப்பு. ஒரு கேமராவை ஒருமுறை வாங்கினால் திறப்பு விழாவும் படமும் உண்டு. ஒரு காவலரை நியமித்தால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சம்பளம் தர வேண்டும். எந்த அரசு வந்தாலும் இயந்திரத்தின் மீது ஆசை அதிகமாக இருப்பதன் கணக்கு இதுதான்.

2020 ஜனவரி 1 நிலவரப்படி நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 195 காவலர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டிருந்தன. பணியில் இருந்தவர்கள் 156 பேர்தான். நம் தொழில் வட்டாரத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. அதன் பிறகு ஒரகடத்திலும் வல்லத்திலும் எழுந்த ஆலைகள் எத்தனை, வரிசை வீடுகளிலும் விடுதிகளிலும் வந்து தங்கிய வெளிமாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. 2022 ஜனவரியில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் வந்தபோது மணிமங்கலமும் சோமங்கலமும் அதனுள் போயின; ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் சுங்குவார்சத்திரமும் காஞ்சிபுரம் மாவட்டக் காவல்துறையிலேயே தங்கின. எல்லையோரத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு எந்த நிலையத்துக்குப் போவது என்பதே முதல் குழப்பம்.

ஆள் பற்றாக்குறை எல்லோரையும் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் தலித் மக்களை அது சட்டத்தின் வழியாகவே கூடுதலாகப் பாதிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ம் ஆண்டு விதிகளில் 7-வது விதியைப் படியுங்கள். வன்கொடுமை வழக்கைத் துணைக் காவல் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். விசாரணையும் சேர்த்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். உள்ளூர் ஆதிக்கத்துக்குக் கீழ்நிலை அதிகாரிகள் பணிந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் ஓர் உட்கோட்டத்துக்கு ஒரு டி.எஸ்.பி.தான்.

ஸ்ரீபெரும்புதூர் போன்ற உட்கோட்டத்தில் அந்த ஒருவரின் மேசையில் என்னென்ன குவியும்? சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை விபத்துகள், ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கு வரும் தலைவர்களின் பாதுகாப்பு, ஆலைத் தகராறுகள். 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் நடந்த சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சுங்குவார்சத்திரத்தில் எவ்வளவு காவலர்கள் குவிந்தார்கள் என்பதை இந்த வட்டாரமே பார்த்தது. பந்தலைப் பிரிக்க ஆள் இருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்ட ஒருவரின் வழக்குக் கட்டு மேசையில் எத்தனையாவது இடத்தில் கிடக்கும்?

இந்தத் தாமதம் பணமாகவும் இழப்பைத் தருகிறது. பல குற்றங்களில் பாதிக்கப்பட்டவருக்கான நிவாரணத்தில் 25 விழுக்காடு முதல் தகவல் அறிக்கையின்போதும், 50 விழுக்காடு குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும்போதும் தரப்பட வேண்டும். குற்றப்பத்திரிகை தள்ளிப்போனால் பாதிப் பணமும் தள்ளிப்போகும். சரி, டி.எஸ்.பி.க்கு நேரம் இல்லையென்று ஆய்வாளர் விசாரித்தால்? 2009-ல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், தகுதி குறைந்த அதிகாரி விசாரித்ததால் வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆள் இல்லாத குறைக்குத் தண்டனை பாதிக்கப்பட்டவருக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-ல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவு செய்தவை 1,761 வழக்குகள். ஒவ்வொன்றுக்கும் இந்த அறுபது நாள் கெடு உண்டு.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்தத் திசையில் அது திருப்பப்படுகிறது என்பதுதான் கேள்வி. காவல் நிலையத்துக்குள் இருக்கும் கேமராவை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்தின் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். வாங்கிய பொருளில் குறை இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சாலைக் கேமராவுக்குத் திறப்பு விழா நடத்துகிறவர்கள் இந்தக் கேமரா ஓடுகிறதா என்று பேசுவதில்லை.

வேங்கைவயலை மறக்க முடியாது. 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வழக்கில் டி.என்.ஏ. பரிசோதனை, செல்பேசி ஆய்வு என நவீனக் கருவிகள் எல்லாம் வந்தன. பரிசோதனைக்கு முதல் சுற்றில் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைக் குடித்த தெருவைச் சேர்ந்தவர்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றம்சாட்டிய மூவரும் அதே மக்களில் இருந்துதான். ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கின் முடிவு நீதிமன்றத்தில் இருக்கட்டும். கருவி யார் மீது முதலில் வைக்கப்பட்டது என்பது மட்டும் பதிவாகிவிட்டது.

முகத்தை அடையாளம் காணும் மென்பொருளிலும் இதே அச்சம் உண்டு. அதற்குள் யார் படங்கள் இருக்கின்றன? குற்றப் பின்னணி என்று நிலையப் பதிவேட்டில் ஏறியவர்களுடையவை. அந்தப் பதிவேடுகளில் பட்டியல் சாதி, பழங்குடி, பின்தங்கிய சமூகத்து இளைஞர்களின் பெயர்கள் இயந்திரத்தனமாகச் சேர்க்கப்படக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பழைய பதிவேட்டின் சாதிப் பார்வை புதிய கணினிக்கு மாறினால் வேகம்தான் கூடும்.

இன்னொரு பக்கம், நமக்கு உதவக்கூடிய ஏற்பாடுகள் யாரும் சொல்லாமல் கிடக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி புகாரை மின்னணு வழியில் அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட்டால் அது பதிவாகும். எந்த நிலைய எல்லை என்று கேட்டுத் திருப்பி அனுப்பவும் முடியாது. வன்கொடுமைச் சட்டத்தின் 18-ஏ பிரிவுப்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை; எனவே சீட்டைக் கொடுத்து ‘விசாரித்துச் சொல்கிறோம்’ என்பதற்கு அங்கே இடமில்லை. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, நகலை இலவசமாகத் தராத அரசு ஊழியர் மீது 4-வது பிரிவு பாயும். ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் தெருவில் இருந்தால் இதில் பாதி வேலை நடக்கும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கோட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை: கடந்த ஆண்டு இந்த உட்கோட்டத்தில் பதிவான வன்கொடுமை வழக்குகளில் எத்தனைக்கு 60 நாளில் குற்றப்பத்திரிகை போனது, விசாரித்த அதிகாரி அதே நேரத்தில் எத்தனை வழக்குகளைக் கையில் வைத்திருந்தார், ஒவ்வொரு நிலையத்திலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எவ்வளவு, காலி எவ்வளவு, நிலையக் கேமராவில் இன்று எத்தனை மாதப் பதிவு இருக்கிறது. குழுவில் இல்லாதவர்கள் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும், தாம்பரம் எல்லைக்குள் இருப்பவர்கள் ஆணையர் அலுவலகத்துக்கும் இதே கேள்விகளை அனுப்பலாம். பதில் 30 நாளில் வர வேண்டும்.