கடையில் கிடைக்காததை விரும்புங்கள்!

குட்டீஸ், விமான மாடல் விற்கும் கடைக்குப் போனால் அலமாரியில் என்ன இருக்கும்? பெரும்பாலும் போர் விமானங்கள்தான்! கூர்மையான மூக்கு, இறக்கைக்குக் கீழே ஏவுகணை, பெட்டியின் மேல் நெருப்பைக் கக்கும் படம். தேடிப் பார்த்தால் பயணிகள் விமானம் ஒன்றிரண்டு இருக்கலாம். 'சரக்கு விமானம் இருக்கிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதையெல்லாம் யாருப்பா வாங்குறாங்க?' என்பார் கடைக்காரர்.

சரி, யாரும் வாங்காத, கடையில் கிடைக்காத ஒரு பொருளின் மீது உங்களுக்கு ஆசை வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆசையை விட்டுவிட்டு, எல்லோரும் வாங்குவதையே நீங்களும் வாங்குவீர்களா? கூடாது என்பது என் கட்சி. அதற்கு நான் சாட்சிக்கு அழைப்பது ஒரு குண்டு விமானத்தை. குண்டு போடும் விமானம் அல்ல. உடம்பு குண்டான விமானம்!

அதன் பெயர் ஷார்ட் பெல்ஃபாஸ்ட். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. டைட்டானிக் கப்பலைக் கட்டினார்களே, அதே ஊர்தான். அங்கே ஷார்ட் என்ற நிறுவனம் பிரிட்டன் விமானப்படைக்காக இந்தச் சரக்கு விமானத்தைக் கட்டியது. 1964 ஜனவரி 5-ம் தேதி முதன்முதலாகப் பறந்தது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 48 மீட்டருக்கு மேல். நீளம் 41 மீட்டருக்கு மேல். நான்கு எஞ்சின்கள், பதினெட்டுச் சக்கரங்கள். வாலுக்குக் கீழே பெரிய கதவு. அது திறந்தால், ராணுவ வண்டிகளும் ஹெலிகாப்டரும்கூட உள்ளே போய்விடும்.

இவ்வளவு பெரிய விமானத்தை எத்தனை கட்டினார்கள் தெரியுமா? பத்தே பத்து! ஒவ்வொன்றுக்கும் சாம்சன், கோலியாத், அட்லஸ் என்று பலசாலிகளின் பெயரை வைத்தார்கள். ஆனால், செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, 1976-ல் எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டது விமானப்படை. அவற்றில் சிலவற்றை ஒரு தனியார் சரக்கு நிறுவனம் வாங்கி ஓட்டியது. 1982-ல் ஃபாக்லாண்ட் போர் வந்தது. கனமான சரக்கை ஏற்றிச் செல்ல வேண்டுமே! விற்றுவிட்ட அதே விமானங்களைப் பிரிட்டன் வாடகைக்கு எடுத்தது. 'இது எதற்கு?' என்று ஒதுக்கியதன் அருமை, தேவை வந்தபோதுதான் தெரிந்தது.

இப்போது மாடலுக்கு வருவோம். கடையில் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் மாடல்களை எப்படிச் செய்கிறார்கள்? உருகிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். ஆறியதும் ஜன்னல், சக்கரம், விமானியின் தலை வரை எல்லாம் அச்சு அசலாக வந்துவிடும். ஆனால், அந்த அச்சைக் கடைந்தெடுக்க ஏராளமாகச் செலவாகும். ஆயிரக்கணக்கில் மாடல்கள் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும்.

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம் 20,000-க்கும் மேல் கட்டப்பட்டது. உலகமே அறிந்த விமானம். அதன் மாடல் விற்காமல் போகுமா? பத்தே பத்து கட்டப்பட்ட பெல்ஃபாஸ்ட்டுக்கு யார் அத்தனை செலவு செய்வார்கள்? மேலும், பெரிய விமானம் என்றால் அச்சும் பெரிது, செலவும் பெரிது!

இந்த இடத்தில் கைகொடுத்ததுதான் 'வாக்குவம் ஃபார்மிங்' என்ற முறை. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சாக்லேட் பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு சாக்லேட்டும் உட்கார ஒரு குழி இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு இருக்குமே, அதைச் செய்யும் முறைதான்.

மரத்திலோ, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலோ விமானத்தின் பாதி உடம்பைச் செதுக்கிக்கொள்வார்கள். அதுதான் அச்சு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, அது அப்பளம் போல் தளர்ந்ததும் அச்சின் மேல் போர்த்துவார்கள். அடியில் உள்ள காற்றை இயந்திரம் வெளியேற்றிவிடும். உடனே தாள், அச்சின் மேல் அப்படியே ஒட்டிப் படிந்துவிடும்.

'காற்று உறிஞ்சி இழுத்துவிட்டது' என்பீர்கள். உண்மையில் அப்படி இல்லை. அடியில் காற்று போனதும், மேலே உள்ள காற்று அழுத்துகிறது! நம்மைச் சுற்றியுள்ள காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 1 கிலோ எடை அளவுக்கு அழுத்திக்கொண்டே இருக்கிறது. அடியில் உள்ள காற்று முழுவதும் வெளியேறினால், ஒரு ஏ4 தாள் அளவு பிளாஸ்டிக் மீது 600 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். கண்ணுக்குத் தெரியாத யானைக்குட்டி ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி!

மர அச்சுக்கு ஆகும் செலவு குறைவு. அதனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சின்னச் சின்ன நிறுவனங்களும் தனி மனிதர்களும்கூட இந்த முறையில் மாடல் பெட்டிகளைச் செய்து விற்றார்கள். பெரிய நிறுவனங்கள் தொடாத குண்டு விமானங்கள், மறந்துபோன விமானங்கள் எல்லாம் இப்படித்தான் விரும்பியவர்களின் கைக்கு வந்தன.

ஆனால், பெட்டியைத் திறந்தால் ஏமாந்துவிடுவீர்கள். உள்ளே சில வெள்ளைத் தாள்கள் இருக்கும். அவற்றில் பாதி உடம்பு, பாதி இறக்கை, பாதி எஞ்சின் எல்லாம் மேடு மேடாகப் புடைத்து நிற்கும். அவ்வளவுதான்! ஒட்டினால் 'டக்' என்று பொருந்தும் பாகம் ஒன்றுகூட இருக்காது. சக்கரமும் காற்றாடியும்கூடச் சில பெட்டிகளில் இருக்காது. 'பாதிதான் நாங்கள் கொடுத்தோம். மீதி உன் வேலை' என்று சொல்லும் பெட்டி அது.

'அப்படி ஒரு பெட்டியை வாங்கி ஏன் அவஸ்தைப்பட வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், அந்த 'மீதி' வேலையில்தான் விஷயமே இருக்கிறது என்கிறேன் நான்.

முதலில், அளவு. 1/72 என்றால், நிஜத்தில் 72 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் பெல்ஃபாஸ்ட் மாடலின் இறக்கை 67 சென்டிமீட்டர் வரும். உங்கள் படிப்பு மேஜையையே அடைத்துவிடும். புடைத்த பாகத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி எடுக்க வேண்டும். பிறகு சமமான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை வைத்து, தண்ணீர் விட்டு, பாகத்தைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். எதுவரை? அந்தக் கோடு வரும் வரை!

தாளின் கனம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தேய்த்து நீக்காமல் இரண்டு பாதிகளையும் ஒட்டினால் உடம்பு 2 மில்லிமீட்டர் பெருத்துவிடும். 'ப்பூ, இவ்வளவுதானே!' என்கிறீர்களா? 72-ஆல் பெருக்குங்கள். நிஜ விமானத்தில் 14 சென்டிமீட்டருக்கும் மேல்! பள்ளியில் 'விகிதம்' என்று எழுதிப் போட்டுக் கணக்குச் செய்கிறோமே, அதை விரல் நுனியால் உணர்வது இங்கேதான்.

இரண்டாவது, விமானம் ஏன் உடையாமல் நிற்கிறது என்பது புரியும். வெட்டி எடுத்த உடம்பு வெறும் ஓடு, அழுத்தினால் நெளியும். அதனால் உள்ளே வட்ட வட்டமாகத் தடுப்புகள் வெட்டி ஒட்ட வேண்டும். நீளமான இறக்கை காலப்போக்கில் தொங்கிவிடாமல் இருக்க, உடம்பின் குறுக்கே ஒரு பட்டையை நுழைத்து, இரு பக்க இறக்கைகளையும் தாங்க வைக்க வேண்டும். நிஜ விமானத்தின் உள்ளேயும் வளையங்களும் குறுக்குச் சட்டங்களும் இப்படித்தான் இருக்கின்றன! ரெடிமேட் மாடலை ஒட்டுபவருக்கு விமானத்தின் தோல் மட்டும் தெரியும். இதைச் செய்பவருக்கு எலும்பும் தெரியும். மூக்குக்குள் கொஞ்சம் எடை வைக்காவிட்டால், விமானம் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். எடை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சரக்கு விமானத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது, பொறுமை. ஒட்டிய இடத்தில் இடைவெளி வரும். சுவருக்கும் காருக்கும் பெயிண்டர்கள் பட்டி பார்ப்பது போல, அதில் பட்டி வைத்து, காயவிட்டு, தேய்க்க வேண்டும். மறுபடி பார்த்தால் இன்னொரு பள்ளம் தெரியும். மறுபடி பட்டி. பதினெட்டுச் சக்கரங்கள், எஞ்சினுக்கு நான்கு வீதம் பதினாறு காற்றாடி இதழ்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாது. பல மாதங்கள்கூட ஆகலாம். 'இன்றைக்கு இரண்டு சக்கரம்' என்று சின்னதாகப் பிரித்துக்கொண்டால், மலை போன்ற வேலையும் நகரும். பரீட்சைக்குப் படிப்பதற்கும் இந்தப் பழக்கம் உதவும், பாருங்கள்!

'இப்போதுதான் முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே! பொத்தானை அழுத்தினால் விமானம் வந்துவிடாதா?' என்று ஒரு சுட்டி கேட்கலாம். வரும்தான். அதுவும் நல்ல கருவிதான். வாய்ப்புக் கிடைத்தால் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், யாரோ கம்ப்யூட்டரில் வரைந்து வைத்த விமானத்தைத்தானே அது அச்சிடும்? யாரும் வரையாத விமானம் வேண்டும் என்றால், அங்கேயும் நீங்களேதான் உட்கார்ந்து அளந்து, வரைய வேண்டும். கருவி மாறலாம், 'மீதி உன் வேலை' என்பது மாறாது.

சரக்கு விமானமே ஏன் என்றும் கேட்கலாம். போர் விமானத்துக்கு அலங்காரம் அதிகம். பெயரும் புகழும் அதிகம். ஆனால், வெள்ளம், பூகம்பம் என்று வந்தால், உணவும் மருந்தும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு முதலில் போய் இறங்குவது குண்டு உடம்புச் சரக்கு விமானங்கள்தான். பாரம் சுமப்பவர்களை யாரும் படம் எடுத்துச் சுவரில் ஒட்டுவதில்லை. நாமாவது அவற்றில் ஒன்றைச் செய்து அலமாரியில் வைப்போமே!

உடனே இதை ஆரம்பித்துவிட வேண்டாம். சின்னதாகப் பழகுங்கள். ஒரே மாதிரி இரண்டு காலி ஐஸ்கிரீம் கப்புகளை எடுங்கள். வாய்ப்பகுதியிலிருந்து ஒரே உயரத்தில் இரண்டிலும் கோடு போட்டு, வெட்டி, தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்த்து, இரண்டையும் வாயோடு வாய் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரியாமல் பொருந்துகிறதா? பொருந்தினால் பாதி வித்தை கைவந்துவிட்டது! கத்தியைப் பிடிக்கும்போது அப்பாவோ, அம்மாவோ, அண்ணனோ, அக்காவோ பக்கத்தில் இருக்க வேண்டும். பசை, பெயிண்ட் வேலைகளை ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிளாஸ்டிக்கை அடுப்பில் சூடாக்கிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பத்து பெல்ஃபாஸ்ட் விமானங்களில் கடைசியாகக் கட்டியதன் பெயர் என்செலாடஸ். அது இன்று இங்கிலாந்தில், காஸ்ஃபோர்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நேரில் போய்ப் பார்க்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? ஆனால், அளவு பிசகாமல் செய்த ஒரு மாடல் இருந்தால், அந்த விமானம் உங்கள் வீட்டு மேஜைக்கே வந்துவிடும்.

உங்களுக்குப் பிடித்தது விமானமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய நீராவி ரயில் எஞ்சினாக இருக்கலாம். யாரும் கவனிக்காத ஒரு பூச்சியாக இருக்கலாம். வகுப்பில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள். கடையில் இல்லையா? நல்லது. அப்படியானால், அதைச் செய்ய வேண்டிய ஆள் நீங்கள்தான்!

என்ன குட்டீஸ், உப்புத்தாள் வாங்கக் கிளம்பிவிட்டீர்களா?