கொறங்காடு தரிசு அல்ல! மாட்டுக்கும் மண்ணுக்கும் அதுவே உயிர்!

விவசாயப் பெருமக்களே! ஆடு மாடு வளர்க்கும் தாய்மார்களே!

காங்கேயம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் கலந்து நிற்பதுதான் நம் கொறங்காடு. காங்கேயம் காளை இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த காளை. ஆனால் மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத்தில் புதர் நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கலாம் அல்லவா?

"புதர் மண்டிக் கிடக்குது, ஒரே புல்லாப் போடுங்க" என்று புத்தி சொல்கிறார்கள். தண்ணி பாயும் தோட்டத்தில் கோ-4 போடுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. மானாவாரிக் காட்டில் அது நிற்குமா?

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் சீடர் கிரீக் என்ற இடத்தில், சத்துக் கெட்ட மணல் பூமியில், 1994 முதல் ஒரு செடி, 2, 4, 8, 16 செடி என்று பாத்தி பாத்தியாக வளர்த்துப் பார்த்தார்கள். 10 ஆண்டு கழித்து, தனிச்செடிப் பாத்தியைவிட 16 வகை கலந்த பாத்தியில் விளைச்சல் 238 சதவீதம் கூடுதல். மண்ணில் சேர்ந்த கரிமமோ 500 சதவீதம் கூடுதல் என்று 2008-இல் அறிவித்தார்கள்.

காரணம் நமக்குத் தெரியாததா? பயறுச் செடி காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருகிறது. அதை உண்டு புல் செழிக்கிறது. ஒன்றின் வேர் மேலாக, மற்றொன்றின் வேர் ஆழமாக. அந்த வேர்கள் மக்கித்தான் மண்ணில் கரிமம் சேருகிறது. கரிமம் உள்ள மண்ணே மழைத்தண்ணியைப் பிடித்து வைக்கும். ஒரு செடி காய்ந்தாலும் இன்னொன்று நிற்கும். புல் கருகிய கோடையிலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகிறதே!

சீமைக்கருவேல் ஏறினாலும், ஓயாமல் மேய்த்தாலும் இந்தக் கலப்பு அழியும். பட்டி பட்டியாக மாற்றி மேய்ப்பது நம் கடமை. மீதி அரசின் கடமை.

நாங்கள் கேட்பது:

1. கொறங்காட்டை மேய்ச்சல் நிலம் என்றே தனி வகையாகப் பதிவு செய்!
2. கொழுக்கட்டை, நரிப்பயறு விதையைக் கலந்து மானியத்தில் கொடு!
3. சீமைக்கருவேலை அரசு செலவில் வேரோடு அகற்று!
4. மண்ணில் கரிமம் சேர்க்கும் விவசாயிக்கு ஊக்கத்தொகை வழங்கு!

பிச்சை கேக்கல, உரிமையைக் கேக்கிறோம். மனு கொடுக்கத் திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்