கூடு காப்போரும் கூடு இழந்தோரும்

சம்பல் ஆற்றின் மணல்திட்டுகளில் கோடைதோறும் முட்டையிடும் இந்தியன் ஸ்கிம்மர், உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவை. நீர்மட்டம் தாழ்ந்தால் திட்டு கரையோடு இணைந்துவிடும்; நாய்களும் கால்நடைகளும் கூடுகளைச் சிதைத்துவிடும். இதைத் தடுக்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கரையோர ஊர்மக்களையே நாடியது. கூடுகளுக்குக் காவலர்களாக அவர்களை அமர்த்தியது. ஆற்றோடு வாழ்பவரே ஆற்றைக் காக்க இயலும் என்பதே இதன் அடிப்படை.

சென்னையில் இந்த அடிப்படை தலைகீழானது. சிந்தாதிரிப்பேட்டையை வளைத்தோடும் கூவத்தை மீட்பதாகக் கூறி, கரையோர மக்கள் அகற்றப்பட்டனர். தலித் தலைவர் ஒருவரின் பெயர் தாங்கிய சத்தியவாணி முத்து நகர் 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவே இடிக்கப்பட்டது. குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கமோ, 2022இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம். ஆற்றங்கரையில் குடியிருந்தால் ஆக்கிரமிப்பு. சதுப்புநிலத்தின் விளிம்பில் அரசே அடுக்குமாடி கட்டினால் மறுவாழ்வா?

வெள்ள அபாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூவத்தைச் சாக்கடையாக்கியது மாநகரம் முழுவதன் கழிவுநீர். தண்டனை மட்டும் குடிசைகளுக்கு. எனவே, வாழ்விடத்துக்கு அருகிலேயே மாற்று வீடுகளையும், நதி மீட்பில் ஊதியத்தோடு கூடிய பொறுப்பையும் நாம் கோருகிறோம். அப்பொறுப்பு மீண்டும் கழிவை அள்ளும் வேலையாக இருக்கக் கூடாது. திட்டத்தை முடிவுசெய்யும் அவையில் இடமாக இருக்க வேண்டும். பறவையின் கூட்டுக்குக் காவல் வைக்கும் நாடு, மனிதரின் கூட்டைக் கலைப்பதைச் சூழலியல் என்று அழைக்க முடியாது.